குப்பியில் அடைத்த விண்ணிரும்பு

சாக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷீலாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சௌக்கியம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சௌக்கியமாய் இருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால் வாயில் கண்டது வந்துவிடும், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் மாமன் சகாய ஆண்டனி செய்திருக்கும் காரியத்தை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. திருவிழாவுக்கு வந்தபோது கோவில் மேடையில் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினாயே, எரிகற்கள் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து ஆவியாகின்றன, அவற்றின் இரும்பு அங்கே ஓசோனோடு சேர்ந்து ஆக்சைடாகி, கண்ணுக்குத் தெரியாத புகைத்தூளாக வருஷக்கணக்கில் இறங்கி நம் வீட்டு மாடியிலும் விழுகிறது என்று. அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டான். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் காந்தத்தைக் கட்டி, ஒட்டிய கறுப்புத் தூளைத் தேனில் குழைத்து, உன் படம் போட்ட குப்பியில் விண்ணிரும்பு லேகியம் என்று ரத்தசோகைக்கு விற்கிறான். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன் நான், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுருள் சுருளாக இரும்புச் சீவல், அதில் பச்சைப் பெயின்ட் வேறு. அவன் வீட்டுக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் கக்குவதுதான் அது. கேட்டால், "என்னத்துக்கு அத்தான் கோவப்படுறீக, உங்க மகதானே மைக்கப் பிடிச்சுச் சொல்லுச்சு" என்று பல்லைக் காட்டுகிறான். சீ!

எதிர்வீட்டு நாகநாதன் மகள் தீபலட்சுமிக்கு இப்போது ஏழு மாதம். நர்சம்மா கொடுத்த இரும்பு மாத்திரை குமட்டுகிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு இதை நக்குகிறாள். நேற்று ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஆறுதான். உடனே பெரியாஸ்பத்திரிக்கு வா என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், நகர மாட்டேன் என்கிறாள். "ஷீலாக்கா படம் போட்டிருக்கு சார், அவுக பொய் சொல்லுவாகளா?" என்று என்னையே கேட்கிறாள். நீ பேசி முடித்ததும் முதலில் கை தட்டியவன் நான்தான். கேட்டவர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும் என்று இந்த வாத்தியாருக்கு அன்றைக்கு உறைக்கவில்லை, என்னை நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

தம்பி மானம் போகும், எழுதாதீர்கள் என்றாள் உன் அம்மா. போகட்டும். உன் முகம் தெரிய, நம் ஊர்ப் பேச்சில், அது மருந்தே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போ என்று தீபலட்சுமிக்கு இன்றே வீடியோ எடுத்து அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு, ஆண்டவர் உன்னைக் காப்பார்.

உன் அப்பா
சூசைமரியான்

பி.கு.: இதைப் படம் பிடிக்கப் போகும் நேரத்தில் தீபலட்சுமி வந்தாள். உனக்குத்தான் எழுதுகிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஒடம்பு ரொம்ப அசதியா இருக்கு சார், லேகியத்த ரெண்டு கரண்டியாச் சாப்பிடலாமான்னு அக்காகிட்டக் கேட்டு எழுதுங்க" என்றாள்.