முடிந்த பிறகு ஓடிய ரீல்

தம்பி,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் டாக்டர் படிப்பை முடித்துவிட்டான். கழுத்தில் குழாயைப் போட்டுக்கொண்டு அவன் நிற்கிற படம்தான், கூடத்தில் நுழைந்ததும் யார் கண்ணிலும் முதலில் படும். அப்படிப் பார்த்து மாட்டியிருக்கிறேன். பேத்தி கோவில்பத்தில் பள்ளிக்கூட டீச்சர். ஸ்கூட்டரில் போய் வருகிறாள், எதிரே லாரி வந்தாலும் ஒதுங்க மாட்டாள். அவளுக்கு அடுத்தவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கடைக்குட்டி மாவட்டப் போட்டியில் முதலாவதாக ஓடிக் கோப்பை வாங்கி வந்தாள். கோட்டுச்சேரியில் இந்தத் தெருவுக்குள் வருகிற எவரையும் நான் விடுவதில்லை, உள்ளே கூப்பிட்டு ஒவ்வொரு படமாகக் காட்டுகிறேன். "ஆத்தா, போன வாரந்தானே காட்டுனீங்க" என்கிறான் பால்காரன். அதனால் என்ன, இன்னொரு தடவை பார்த்தால் பால் திரிந்தா போகும்?

உனக்குத்தான் படம் இல்லாமல் போய்விட்டது.

பேரனுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் வருகிற வெள்ளிக்கிழமை, வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல். உன் படம் மங்கிவிட்டது, கடையில் கொடுத்துப் பெரிதாக்குவோம் என்று பேத்தி சட்டத்தைப் பிரித்தாள். உனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். கல்லூரியில் நீங்கள் சினிமா சங்கம் நடத்தியபோது எல்லாருமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷத்து ஐப்பசி மழையும் ஏறி, தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. மெதுவாகத்தான் உரித்தாள், பாவம். உன் கூட்டாளிகள் எல்லாரும் தாளோடு வந்துவிட்டார்கள். உன் முகம் மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"அழாதீங்க அம்மாச்சி. அவங்க எப்படி இருப்பாங்கன்னு சொல்லுங்க, நான் வரைஞ்சு தர்றேன்" என்று பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நெத்தி அகலம்" என்றேன்.

"சரி. மூக்கு?"

எனக்குத் தெரியவில்லையடா. உன் இருமல் தெரிகிறது. வாசலில் சைக்கிளை எப்படிச் சாய்ப்பாய் என்று தெரிகிறது. குழம்பில் கிடக்கும் கத்திரிக்காயை யாருக்கும் தெரியாமல் பூனைக்குப் போடுவாயே, அது தெரிகிறது. முகம் வரவில்லை. இடுப்பில் தூக்கிச் சுமந்த முகம். கண்ணை இறுக்கி மூடினால் அந்தக் கண்ணாடிதான் வருகிறது.

வேறு படம் எங்காவது இருக்குமோ என்று டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். அந்துருண்டை வாசனையோடு உங்கள் திரைதான் வந்து விழுந்தது.

நினைவிருக்கிறதா? "அக்கா, அத்தானோட வேட்டி ரெண்டைக் கரை கிழிச்சுத் தைச்சுக் குடேன், சங்கத்துக்குத் திரை இல்ல" என்று வந்து நின்றாய். "அப்ப நான் எதைக் கட்டிக்கிட்டு வயலுக்குப் போறது?" என்றார் உன் அத்தான். "படம் முடிஞ்சதும் எடுத்துக் கட்டிக்குங்க அத்தான். வெள்ளைக்காரி நடந்த வேட்டின்னு பெருமையாச் சொல்லலாம்" என்றாய். மனுஷன் சிரித்துவிட்டார், வேட்டி போய்விட்டது. நடுவில் என் தையல் மேலிருந்து கீழாக ஓடும். அதில் எந்தத் துரை வந்து நின்றாலும் மூக்கில் ஒரு தழும்போடுதான் நிற்பான்.

திரை தைத்தவள் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கூட்டிப்போனாய். "அஞ்சாங்கிளாசுக்குப் பிரெஞ்சுப் படம் புரியுமாடா?" என்று கேட்டேன். "பி.ஏ. படிக்கிற எங்களுக்கே புரியலக்கா. அதுக்குத்தான் சொல்தா ஐயா வர்றாரு" என்றாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கிக்கொண்டு நம் தெருவில் இருந்தாரே, அவர். ஜன்னல்களில் சாக்கு கட்டி வகுப்பை இருட்டாக்கியிருந்தீர்கள். திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, படத்தில் இருப்பவர்கள் பேசப் பேச அவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு தாய், ஒரே மகன். அவன் செத்துப்போனான். புதைத்துவிட்டு அந்தத் தாய் தனியாக நடந்துபோனாள். திரையில் ஏதோ எழுத்து வந்தது. "முடிஞ்சுது" என்றார் சொல்தா ஐயா. நான் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தேன். எல்லாரும் எழுந்தார்கள். பின்னாலிருந்து நீ கத்தினாய்: "எழுந்திரிக்காதீங்க! இன்னும் ஒரு ரீல் இருக்கு!"

பெட்டியில் டப்பாக்களின் மூடி மாறி, கடைசி ரீல் முந்திக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்ததை மாட்டி ஓட்டினாய். செத்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றி மாட்டினான். சாப்பிட உட்கார்ந்தான்.

சொல்தா ஐயா ஒரு நிமிஷம் திகைத்தார். பட்டாளத்துக்காரர் அல்லவா, பின்வாங்கவில்லை. "இவன் செத்துப்போனவனோட தம்பி" என்றார்.

"ஐயா, தம்பிக்கும் அதே சட்டையா?" என்றான் ஒருத்தன்.

"அண்ணன் சட்டைடா. நல்ல சட்டை, வீணாப் போகலாமா?"

வகுப்பே உருண்டு சிரித்தது. நீ குனிந்து வந்து என் பக்கத்தில் குந்தினாய். "அக்கா, ரீல் மாறிப்போச்சு. இது முன்னாடி வந்திருக்கணும். அவன் செத்தவன்தான்."

"சும்மா இருடா. வந்துட்டான் பாரு. சாப்புடுறான் பாரு" என்றேன்.

நீ சிரித்தது காதில் விழுந்தது. திரை வெளிச்சம் அப்போது உன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கும். என் கண் திரையை விட்டு நகரவில்லை. அந்த வெள்ளைக்காரன் முகத்தை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஒட்டிய கன்னம், நெற்றியில் விழுகிற முடி, ரொட்டியைப் பிய்க்கும்போது ஒரு பக்கமாய்க் கோணுகிற வாய். ஊர் பேர் தெரியாதவன் முகம் இத்தனை வருஷமாய் எனக்குள் இருக்கிறது. உன்னுடையதை எங்கே போய்த் தேடுவேன்?

அடுத்த மார்கழியில் உனக்குக் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சளாய்க் கிடந்தவன், நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "எழுந்து போயிடாதக்கா, இன்னும் ஒரு ரீல் இருக்கு" என்றாய். அதுதான் நீ கடைசியாய்ச் செய்த கேலி.

நேற்று அந்தத் திரையைக் கூடத்துச் சுவரில் கட்டினேன். ஜன்னலைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "வெறும் வேட்டியில என்ன பாக்குறீங்க அம்மாச்சி?" என்று கேட்டாள் பேத்தி. பலகையில் பேரை எழுதி வைத்துப் படைக்கலாம் என்கிறார்கள். பேருக்கா சோறு வைப்பது? யாருக்கு வைக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

ஒரே ஒரு படம், தம்பி. புதிதாய் எடுத்துத் தபாலில் அனுப்பு. விலாசம் மாறவில்லை. முடி நரைத்திருந்தாலும் சரி, சிரிக்காமல் நின்றாலும் சரி. இந்தத் தடவை படத்துக்குக் கண்ணாடி போட மாட்டேன், சத்தியம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டாலும் பரவாயில்லை, எப்போதாவது வரட்டும். முடிஞ்சுது என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

உன் அக்கா