ஜமேதார் உடைத்த பென்சீன்

அக்டோபர் 6, திங்கள்

தூறல். சுரங்க ஊரான ஊரிகம் முழுக்கச் சேறு. செருப்பு வார் மறுபடி அறுந்தது.

வியாழன் துரை முன் பரீட்சை. தேறினால் சோதனைக்கூட உதவியாளர் வேலை. இல்லையென்றால் பழையபடி உலை வேலை. கேள்வி: பென்சீனின் அமைப்பு. தங்கச் சுரங்கத்தில் பென்சீனுக்கு என்ன வேலை? துரைக்கு இந்த மாதப் பித்து அது. போன மாதம் வண்ணத்துப்பூச்சி.

நான் கட்டிக்கொள்ள நினைக்கும் எஸ்தரின் அப்பா ஆலை வாசல் காவல் ஜமேதார். "உலைக்காரனுக்கு எம் பொண்ணா? வேல வரட்டும், அப்பறம் பேசு தம்பி."

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். உலைக் களிமண்ணில் ஆறு உருண்டை, வளையமாக. ஒவ்வொன்றும் ஒரு கரி அணு. கரிக்கு நான்கு கை. இரு பக்கத்து ஆளுக்கும் ஒவ்வொன்று, ஹைட்ரஜனுக்கு ஒன்று. மிச்சக் கை? பக்கத்து ஆளில் ஒருவனையே மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆகவே துடைப்பக்குச்சி ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. ஹைட்ரஜனுக்குக் கொண்டைக்கடலை. துரை கேட்டபடி, அடுத்தடுத்த இரண்டு கரியில் மட்டும் கடலைக்குப் பதில் புளியங்கொட்டை, அது குளோரின். அந்த இரண்டுக்கும் நடுவே இரட்டைக் குச்சி. துரையிடம் கொடுத்த படமும் அப்படியே.

வீட்டில் பழக எடுத்துப்போனேன். வாசலில் ஜமேதாரின் வழக்கமான சோதனை.

"உருண்டைக்குள்ள இன்னா கீது?"

"கரி, மாமா."

"மண்ணு மாதிரி கீது, கரின்றே. தங்கத்த வச்சிப் பூசிக்கினு போனா?"

ஆறையும் உடைத்தார். கடலையைத் தின்றும் பார்த்தார். அழுகையே வந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

மண் தீர்ந்தது, உலை பூச எடுத்துவிட்டார்கள். குழாயடியில் எஸ்தர்: "அப்பாவுக்கு மனசு கேக்கல. மண்ணு பிசைஞ்சிக்கினு கீறாரு. நாளைக்கிக் கொண்டாருவாரு, பயப்படாதீங்க." பயம் கூடிற்று.

அக்டோபர் 9, வியாழன்

மேகமூட்டம். ஜமேதாரே மாதிரியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் கதவோரம் நின்றார். எல்லாம் சரி. ஆனால் புளியங்கொட்டை உருண்டைகளுக்கு நடுவே ஒற்றைக் குச்சி!

துரை படத்தைப் பார்த்தார், மாதிரியைப் பார்த்தார். படத்தில் இரண்டு, இங்கே ஒன்று. எது சரி?

படம் என்றால் மாமா மானம் போகும். மாதிரி என்றால் என் வேலை போகும். அப்போதுதான் நான் தங்கும் தொழிலாளர் லைன் வீட்டுக் கட்டில் ஞாபகம் வந்தது. கட்டில் ஒன்று, ஆள் இரண்டு. நான் எழுந்தால் நைட் ஷிப்ட் சின்னப்பன் வந்து படுப்பான்.

"இரண்டும் சரி துரை. இரட்டைக் கை ஓரிடத்தில் நிற்காது, ஷிப்ட் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இதில் நடுவே ஒற்றை உள்ளது, இரட்டை உள்ளது என்று இரண்டு பொருள் கிடைப்பதில்லை, ஒன்றுதான்."

துரை மேசையைத் தட்டிச் சிரித்தார். வேலை எனக்கு! எஸ்தரும்!

ஜமேதார்: "நான் வச்சது சரின்னு எனக்கு அப்பவே தெரியும்." ஞாயிறு கோயில் முடிந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம்.

மாலை. மாதிரியோடு வாசல்.

"மாப்ளே, கையத் தூக்குங்க. அந்த உருண்டைய இப்டிக் குடுங்க."

"நீங்களே செஞ்சதுதானே மாமா?"

"உள்ள போறப்ப நான் செஞ்சது. வெளிய வர்றப்ப உள்ள இன்னா கீதுன்னு எனக்கெப்டித் தெரியும்?"

ஆறையும் உடைத்தார்.