வாய்க்கால் பக்கத்துக் கோல்

நண்பரே,

நேற்று மாலை முழங்காலுக்கு நோவெண்ணெய் தடவிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தேன். எதிரே மருமகன் தொலைக்காட்சியில் வெளிநாட்டு உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு விளையாடும் பெரிய ஆட்டக்காரர்கள். அதில் ஒருவன் கோல் அடித்தான். கூட விளையாடியவர்கள் பாய்ந்து வந்தார்கள். அவனோ இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரித்து, மன்னிப்புக் கேட்பவனைப் போல் நின்றான்.

“பாத்தியளே மாமா? எதிரணி அவன்ரை பழைய கிளப். அதுதான் கொண்டாடேல்லை. எவ்வளவு பணிவு!” என்றார் மருமகன்.

“ஓம்” என்றேன். கமரா அவனுடைய முகத்தை விட்டு விலகவே இல்லை. அறை முழுவதும் நோவெண்ணெய் மணத்தது. அந்த மணமும் ‘பணிவு’ என்ற சொல்லும் ஒன்றாக வந்ததும், இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நெஞ்சுக்குள் பழைய இடத்தில் சுருக்கென்றது. அது எந்த இடம் என்று உமக்கு மட்டுந்தான் தெரியும்.

கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் நான் எழுதுவினைஞர், ஊர்வாயில் கிளாக்கர்; நீர் படவரைஞர். உமது மேசையும் என் மேசையும் அருகருகே. எழுபதுகளின் கடைசி. வேலை முடிந்ததும் இருவரும் சைக்கிளில் மைதானத்துக்குப் போவோம். நீர் முன்வரிசையில் நடு. நான் வலது ஓரம். ஓரத்தில் நிற்பது என் இயல்புக்குப் பொருந்தியது. கோர்னர் அடிப்பது என் வேலை. மைதான மூலையில் பந்தை வைக்கும் இடத்தைக் காலால் தட்டிச் சமப்படுத்தி, காற்றைப் பார்த்து, பின்னால் போய், ஓடிவந்து அடிப்பேன். அது உமது தலைக்கு வரும். நீர் கோலாக்குவீர். சனம் உமது பெயரைச் சொல்லிக் கத்தும்.

அந்த மைதானத்தில் கோல் கம்பங்கள் இருந்தன, வலை இருக்கவில்லை. ஒரு பக்கத்துக் கோலுக்குப் பின்னால் வீதி. மற்றப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் சிறிது தூரம் புல், பிறகு உயர்ந்த மண்கட்டு, கட்டுக்கு அப்பால் இரணைமடுக் குளத்தில் இருந்து வயல்களுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால். கோல் விழுந்தால் பந்து போய்க்கொண்டே இருக்கும். யாராவது ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். எங்கள் அணியில் ஒருவன் கோல் அடித்தால் கரணம் போடுவான். இடது ஓரத்துக்காரன் பெனியனைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு பெண்கள் நிற்கும் பக்கமாக ஓடுவான். பந்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

நீர் மட்டும் அப்படியல்ல. கோல் விழுந்த கணமே, கட்டிப்பிடிக்க வந்தவர்களின் கைகளுக்குள் அகப்படாமல், பந்துக்குப் பின்னால் ஓடிவிடுவீர். நீரே அதை எடுத்து, சட்டையில் சேறு துடைத்து, கொண்டுவந்து எதிரணிக் கோல்கீப்பரின் கையில் கொடுப்பீர். முகத்தில் ஒரு சிரிப்பும் இராது. பிறகு தலையைக் குனிந்தபடி உமது இடத்துக்கு நடப்பீர். சனம் கோலுக்குத் தட்டியதைவிட இதற்குத்தான் கூடத் தட்டும்.

“உவனைப் பாருங்கோடா, உவன்தான் மனுசன்!” என்று வேலியோரத்துக் கிழவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கத்துவார். “கோலையும் அடிச்சுப்போட்டுப் பந்து பொறுக்கவும் போறான். மற்றதுகள் குரங்குகள் மாதிரிக் குத்துக்கரணம் போடுதுகள்.”

அப்போது எனக்குப் புதிதாகக் கலியாணமாகியிருந்தது. என் மனைவியும் ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்தா. அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே சொன்னா: “உங்கடை சிநேகிதரைப் பாருங்கோ. அடிச்சுப்போட்டும் ஒரு வார்த்தை கதையாமல் போறார். நீங்கள் வந்த நேரம் தொட்டு உங்கடை கோர்னரைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருக்கிறியள்.”

நான் வாழ்நாள் முழுவதும் தலை குனிந்து நடந்தவன். பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாக வந்தபோதும் பரிசு வாங்கும் மேடையில் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் கோல் அடிக்காதவன் தலை குனிந்தால் அதற்குப் பெயர் பயம். அடித்தவன் குனிந்தால்தான் அது பணிவு. எனக்குப் பிறவியிலேயே இருந்த ஒன்றை நீர் மைதானத்தில் வைத்து எடுத்துக்கொண்டீர் என்றே எனக்குப் பட்டது. கோல்களை நீரே வைத்துக்கொள்ளும், குனிவையாவது எனக்கு விட்டிருக்கக்கூடாதா?

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. உமது பணிவு பொய் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எதையும் ஒழுங்காகப் பார்ப்பது என் பழக்கம். ஆகவே உம்மைப் பார்த்தேன். வீதிப் பக்கத்துக் கோலில் அடித்தால் பந்தோடு உடனே திரும்பிவிடுவீர். வாய்க்கால் பக்கத்தில் அடித்தால் சுணங்குவீர். தண்ணீரில் போன பந்தைப் பிடிக்க நேரமாகும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் நீர் சுணங்குவதைக் கவனித்தேன். நாணயம் சுண்டி வென்றால் இரண்டாம் பாதியில் வாய்க்கால் பக்கத்துக் கோலுக்கு அடிக்கும்படி கேட்கச் சொல்லி அணித் தலைவரின் காதில் நீர் ஓதுவதையும் கண்டேன். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

அதற்குள் என் முழங்கால் முறுகிவிட்டது. சில வாரங்கள் விளையாட முடியவில்லை. ஒரு ஆட்டத்தின் போது, ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்கப் பிடிக்காமல், நொண்டி நொண்டி வாய்க்கால் கட்டுக்கு அப்பால் போய் ஒரு மருதமரத்தின் கீழ் இருந்தேன். காலில் நோவெண்ணெய். மைதானம் அங்கிருந்து தெரியாது, சத்தம் மட்டும் வரும். சட்டென்று ஒரு பெரிய ஆரவாரம். பந்து கட்டின் மேலால் துள்ளிவந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. பின்னாலேயே நீர்.

நீர் என்னைக் காணவில்லை. முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினீர். பிறகு ஆடினீர். காவடி எடுத்தவர் உரு வந்து ஆடுவதைப் போல, சுற்றிச் சுற்றி, தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்க ஆடினீர். வாய் முழுதும் திறந்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கண்களில் இருந்து தண்ணீர் வடிந்தது, அது வாய்க்கால் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது.

நான் அசைந்திருக்க வேண்டும். நீர் திரும்பினீர். பந்து கையிலிருந்து நழுவியது.

“என்ன காணும், இஞ்சை என்ன செய்யிறீர்?”

“நானோ? நீர் என்ன செய்யிறீர்?”

“பந்து எடுக்கிறன்.”

“ஊரெல்லாம் உம்மைப் பணிவானவர் எண்டு சொல்லுது” என்றேன். என் குரல் என்னையறியாமல் உயர்ந்தது. பிடித்துவிட்டேன் என்ற சந்தோசத்தில்.

“சொல்லட்டும். நான் என்ன சொல்லச் சொன்னனானே?” மூச்சு வாங்கிக்கொண்டு பந்தை மறுபடி எடுத்தீர். “அங்கை அந்தக் கீப்பர் குப்புறக் கிடக்கிறான் காணும். அவன்ரை மூஞ்சைக்கு முன்னாலை நிண்டு ஆடலாமே? ஆனா ஆடாமல் இருக்கவும் ஏலாது. இந்தக் கால் சொல்வழி கேக்காது.” மண்கட்டின் மேல் ஏறியபடி திரும்பினீர். “சொல்லிப்போடாதையும்.”

கட்டின் உச்சிக்குப் போனதும் உமது முகம் துடைத்தெடுத்ததைப் போல வெறுமையானதைக் கீழிருந்து பார்த்தேன். கைதட்டல் கேட்டது.

பொய்யைப் பிடிக்கப் போன எனக்கு அது பொய்யாகவும் அகப்படவில்லை. முதலில் உமது கோல்களில் பொறாமைப்பட்டேன், பிறகு உமது பணிவில். அன்று தொடக்கம் மூன்றாவதாக ஒன்றில். மறைப்பதற்கு ஒரு வாய்க்கால் தேவைப்படும் அளவுக்கு ஒரு மனிதருக்குள் சந்தோசம் இருக்க முடியுமா? எனக்குள் இருந்தது எல்லாம் சட்டைப் பையில் அடங்கிவிடும்.

அடுத்த வருடம் கொழும்புக் கொம்பனி ஒன்று உம்மைக் கூப்பிட்டது. பெயருக்கு ஒரு வேலை, உண்மையில் அவர்களுடைய அணிக்கு விளையாடுவதற்குச் சம்பளம். கந்தோரில் எல்லோரும் உம்மைத் தூக்காத குறை. நான் உமது வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு கணக்கெழுதினேன். சில மாதங்களில் ஒருநாள் காலை அதே மேசையில் நீர் இருந்தீர்.

“என்ன, துரத்திப்போட்டாங்களோ?” என்று கேட்டேன். அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

“இல்லைக் காணும். நல்லாத்தான் பாத்தவங்கள். ஆனா அங்கை வலை கட்டியிருக்கு. அடிச்சால் பந்து வலையுக்கை நிக்குது. அது எங்கையும் போகாது, எனக்கும் போக இடமில்லை. ஆயிரம் பேர் பாத்துக்கொண்டிருக்கினம். என்ன செய்யிறது? ஆடினால் கீப்பருக்கு முன்னாலை ஆடவேணும். ஆடாட்டில் எனக்கு விசர் பிடிக்கும்.”

பகிடியா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டு ஏக்கமாகவும் இருந்திருக்கலாம். எனக்குக் கிடைத்திருந்தால் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கக்கூடிய ஒன்றை, வாய்க்கால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தீர்.

அந்த வருடம் சிறுபோக நெல் வயலில் நின்ற காலத்தில்தான் வவுனியா அணியோடு ஆட்டம். அவர்களுடைய கோல்கீப்பர் நெளுக்குளத்துக்காரர், நெடிய மனிதர், நல்ல வாய்க்காரர். இரண்டாம் பாதி, வாய்க்கால் பக்கத்துக் கோல், எங்களுக்கு ஒரு கோர்னர். சோளகக் காற்று எங்கள் முதுகுப்பக்கமாக அள்ளி வீசியது. வழக்கம்போல நிலத்தைத் தட்டிவிட்டு உமது தலைக்கு என்று உயர்த்தி அடித்தேன். நடுவழியில் காற்று பந்தைப் பிடித்துத் திருப்பியது. அது யார் தலையிலும் படாமல், கீப்பரின் விரல்களுக்கு மேலால் நேரே கோலுக்குள் போய் விழுந்து, துள்ளி மண்கட்டையும் தாண்டி மறைந்தது.

நான் மூலைக் கொடிக் கம்பத்தடியில் நின்றேன். கோல் அடித்தால் எப்படித் தலைகுனிந்து நடப்பது என்று பல வருடங்களாக மனதுக்குள் பழகி வைத்திருந்தவன் நான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஓடிப்போய் உம்மைக் கட்டிப்பிடித்திருந்தார்கள். கோல் என்றால் உம்மைக் கட்டிப்பிடிப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம்.

“என்னை ஏன்ரா பிடிக்கிறியள்? அடிச்சது அவர்!” என்று உதறினீர்.

“ஆர், கிளாக்கரோ?” என்றான் பெனியன் சுழற்றுகிறவன்.

“ஓம், அவர்தான். விடுங்கோ, பந்தை அவரே எடுக்கட்டும்.”

மண்கட்டின் மேல் ஏறி அப்பால் இறங்கினேன். பந்து கோரைப்புல்லில் தட்டி நின்றது. தண்ணீருக்குள் இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் நீர் கட்டின் மேல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மைதானத்தைப் பார்த்தபடி காலை அகட்டி நின்றீர். வேறு யாரும் வந்து எட்டிப் பார்க்காமல்.

“என்ன காணும், கெதியா! ரெபரி விசிலை வாயிலை வைச்சிட்டான்.”

“என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை” என்றேன். “காத்துத்தானே அடிச்சது.”

“காத்துக்குக் காலிருக்கே? கையைத் தூக்கும்.”

தூக்கினேன்.

“ரெண்டு கையையும்!”

நீர் திரும்பவே இல்லை. நான் மற்றக் கையையும் தூக்கினேன். தண்ணீர் கைவழியே ஓடி அக்குளுக்குள் போனது. வாயைத் திறந்தேன். உமக்கு வராதது போல எனக்கும் சத்தம் வரவில்லை. ஆடவில்லை, ஆட எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நொடிகள் நான் எவர்மேலும் பொறாமைப்படவில்லை.

அது நீடிக்கவில்லை. பந்தைத் துடைத்து நெளுக்குளத்துக்காரரின் கையில் கொடுத்தபோது, “காத்துக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கோ, கிளாக்கர்” என்றார். தலை குனிந்து நடந்தேன், பழகிவைத்தபடியே. வேலியோரத்துக் கிழவரின் குரல் கேட்டது: “பாத்தியளே, அவனோடை சேந்து கிளாக்கரும் பணிவு பழகிட்டார்!” என் குனிவும் உமது கணக்கில் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் இதை உம்மிடம் சொன்னேன். சைக்கிளை ஓட்ட முடியாமல் இறங்கி நின்று சிரித்தீர்.

பிறகு யுத்தத்தில் அந்த மைதானம் பலருடைய கைக்கு மாறியது. நாங்களும் பல இடங்களுக்கு மாறினோம். உயிரோடு திரும்பி வந்து, பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் கிழவர்களானோம். போன வருடம் நீர் போனீர்.

உமது செத்தவீட்டுக்கு நெளுக்குளத்துக்காரர் பஸ் ஏறி வந்திருந்தார். தடியை ஊன்றி உமது தலைமாட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “எனக்கு எத்தினை கோல் அடிச்சவன்! ஒவ்வொரு முறையும் பந்தைத் துடைச்சு என்ரை கையிலை தந்தவன். ஒருநாள் எனக்கு முன்னாலை சிரிச்சதில்லை. கோல் அடிச்ச சந்தோசமே தெரியாத மனுசன்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். “அது பிழை, எனக்குத் தெரியும்” என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்திருப்பார்கள். வாழ்க்கையில் ஒருமுறை. அந்த நெடிய மனிதரின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவருக்காகவா மூடினேன், அல்லது உம்மைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை அவர்களோடு பங்குபோட மனமில்லாமலா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நீரானால் முதலாவது என்பீர்.

சென்ற மாசியில் அவரும் போய்விட்டார். உமது ஆட்டத்தைப் பார்க்கக்கூடாதவர் என்று இனி எவரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை வாசிப்பவர்களுக்கும் இனி அந்த வாய்க்கால் தெரிந்துவிடும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நேற்று ஆட்டம் முடிந்த பிறகு மருமகன் ஒரு செய்தி சொன்னார். என் மகள் வயிற்றில் பிள்ளை. நான் “நல்லது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். நல்ல செய்தி வந்தால் அங்கே போவது என் வழக்கம், வீட்டில் யாருக்கும் தெரியாது. வழக்கம்போல முதலில் ஒரு கைதான் எழும்பியது. உமது குரலுக்காகக் காத்து நின்றேன்.

“ரெண்டு கையையும்!”

தூக்கினேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற உமக்கு, நான் ஒரு கையைத்தான் தூக்கியிருந்தேன் என்று அன்றைக்கு எப்படித் தெரிந்தது?