பதினெட்டாம் தெருவில் தூங்குகிறவள்

பில்சன், சிகாகோ
8 ஜனவரி 2014

மினியாபொலிஸ் பனிக்காட்டில் மறைந்து வாழும் என் ஒரே மருமகள் மரிசேலாவுக்கு,

பதினெட்டாம் தெருவின் முதன்மைச் சலூன் அதிபரும், பூங்கா மண்டபத்து லொத்தேரியா படச்சீட்டு ஆட்டத்தில் தோல்வியே அறியாத சக்கரவர்த்தியும், உன் தாய்மாமனுமாகிய ஹிலாரியோ எழுதிக்கொள்வது. (போன வாரம் தோற்றேன். அது செல்லாது. சீட்டுப் படங்களைக் கூவியவனுக்குச் சளி, 'தேள்' என்றது எனக்குத் தும்மலாகத்தான் வந்து சேர்ந்தது.)

நீ நலமா என்று கேட்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவள் நலமாகத்தான் இருப்பாள். இங்கே திங்கட்கிழமை அடித்த குளிரில், ஒருவர் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுச் சீப்பை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் முடியெல்லாம் கண்ணாடிக் குச்சியாகிவிட்டது. கத்தரிக்கு வேலையே இல்லை, ஒடித்தே அனுப்பி வைத்தேன்.

அன்றுதான் மூன்று ராஜாக்கள் திருநாள். அடுமனை வாசலில் நின்ற வரிசையின் கடைசி ஆள் மெக்சிகோ எல்லையில் நின்றிருந்தார். நான் உயிரைப் பணயம் வைத்து, லாரிச் சக்கரம் அளவுக்கு ஒரு வளைய ரொட்டி வாங்கி வந்தேன். உன் அம்மா வெட்டினாள். உன் பெயருக்கும் ஒரு துண்டு வெட்டினாள். கேள், ரொட்டிக்குள் ஒளித்துச் சுடுகிற பொம்மை அந்தத் துண்டுக்குள்தான் இருந்தது! குழந்தை யேசு, சுண்டுவிரல் நகம் அளவு. இத்துடன் இணைத்திருக்கிறேன். பொம்மை யாருக்கு வந்ததோ அவர்தான் பிப்ரவரி இரண்டு, மெழுகுவர்த்தித் திருநாளன்று எல்லாருக்கும் சோள மடலில் மாவை அவித்துத் தமாலே செய்து போட வேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை. ஆகவே மூட்டையைக் கட்டு.

இன்னொரு செய்தி, இதில் புளுகு கிடையாது. உன் ஓவியம் இருக்கிற சுவரில் ஈரம் ஏறிவிட்டது. ஏப்ரலில் பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசப் போகிறார் கட்டடச் சொந்தக்காரர். "மரிசேலா வந்தா அவளே மறுபடி வரையட்டும். இல்லன்னா மஞ்சள் அடிச்சு விட்டுடுவேன்" என்கிறார்.

உன் அம்மா இன்னும் அந்தப் பக்கம் போவதில்லை. கோயிலுக்கு இரண்டு தெரு சுற்றித்தான் போகிறாள். அந்நாளில் தமாலே விற்ற வண்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து தூங்குகிறவளாக, இரண்டு மாடி உயரத்துக்கு அவளை நீ வரைந்து இரண்டரை வருஷம் ஆகிறது. உன்னோடு அவள் பேச்சை நிறுத்தியும் அதே இரண்டரை வருஷம்.

வா.

என்றும் உன் அழகிய மாமன்,
ஹிலாரியோ


மினியாபொலிஸ்
14 ஜனவரி 2014

அன்பும் புளுகும் நிறைந்த மாமாவுக்கு,

பொம்மை வந்து சேர்ந்தது. அதன் தலையில் பல் பட்ட தடம் இருக்கிறது. இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு காசு நுழையும் இடைவெளி. நம் குடும்பத்தில் அப்படிப்பட்ட முன்பல் யாருக்கு இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கடித்தது நீங்கள். தமாலே செய்யப் பயந்து என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். ஐம்பத்தெட்டு வயதில் வெட்கமாக இல்லையா மாமா?

இதற்கெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அம்மா என் பெயருக்கு ஒரு துண்டு வெட்டினாள் என்பதை மட்டும் விளையாட்டுக்கு எழுதாதீர்கள். அந்த வரியை நாலு தடவை படித்துவிட்டேன்.

சுவர் பற்றி: அம்மா தன் வாயால் 'வரை' என்று சொல்லாமல் நான் தூரிகையைத் தொட மாட்டேன். அன்று சாரத்தைப் பிரித்ததும் தெருவே கைதட்டியது, வாத்தியம் முழங்கியது. அம்மா மட்டும், "ஊரே பாக்க என்னைத் தூங்க வெச்சுட்டியேடி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அவளை ஓய்வாக நான் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு காலைதான், என் சின்ன வயதில் வண்டிக்குப் பக்கத்தில் அவள் தூங்கிப்போன காலை. அது எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது. அதனால்தான் வரைந்தேன். அதில் என்ன தப்பு என்று இன்னும் தெரியவில்லை.

உங்கள்
மரிசேலா


பில்சன்
19 ஜனவரி 2014

துப்பறியும் மருமகளுக்கு,

ஒப்புக்கொள்கிறேன். பொம்மை என் துண்டில்தான் வந்தது. வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, அரை மணி நேரம் மூக்கால் பேசிச் சமாளித்தேன். வரலாறு என்னை மன்னிக்கும்.

ஆனால் உன் துண்டு நிஜம். நாங்கள் ஆறு பேர். உன் அம்மா ஏழு துண்டு வெட்டினாள். "ஏழாவது யாருக்குக்கா?" என்றேன். "கை தவறிடுச்சு. வாயை மூடிட்டுத் தின்னு" என்றாள். கை தவறி வெட்டியதை யாராவது தாளில் சுற்றி, அதற்குமேல் இன்னொரு தாள் சுற்றி, ஃப்ரீசரில் வைப்பார்களா? ஆராய்ச்சி நோக்கத்தோடு நான் அதைத் தொட்டேன். கரண்டிக் காம்பால் போட்டாள் ஒன்று. கை தர்பூசணி மாதிரி வீங்கிவிட்டது. இந்தப் பத்தியில் மிகை எதுவும் கிடையாது, தர்பூசணியைத் தவிர. எலுமிச்சை என்று வைத்துக்கொள்.

நீ வராத நாளில் இங்கே புதிதாக ஐந்து சுவர்கள் வண்ணம் பூசிக்கொண்டன. கறிக்கடைச் சுவரில் ஒருவன் கழுகு வரைந்திருக்கிறான். எனக்கு அது கோழியாகத்தான் தெரிகிறது. உள்ளே விற்பதும் கோழிதான் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. பூங்கா மண்டபத்தில் ஐம்பது தாண்டியவர்களின் கால்பந்தில் நான் போட்ட கோலைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். அது எங்கள் பக்கத்து வலைக்குள் போனது ஒரு சிறு விவரம். சனிக்கிழமைகளில் மோலே குழம்புக்கு மிளகாய் வறுக்கிற நெடியில் தெருவே தும்முகிறது. உன்னைத் தவிர இங்கே எல்லாம் இருக்கிறது.

தாளில் சுற்றிய ஒரு துண்டு இருக்கிறது. வருவாயா, மாட்டாயா?

மாமா


மினியாபொலிஸ்
24 ஜனவரி 2014

மாமா,

வருகிறேன். முதல் தேதி சாயங்காலப் பேருந்து. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் பள்ளியில் எனக்கு வகுப்பு இருக்கிறது. அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் தந்தி அடியுங்கள், அது செத்துப்போயிருந்தாலும்.

மரிசேலா


மினியாபொலிஸ்
4 பிப்ரவரி 2014

அன்பு மாமாவுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்ததற்கு மன்னியுங்கள்.

நீங்களும் பார்த்தீர்களே. காலை எட்டு மணிக்குப் பானையை ஏற்றினோம். அம்மாவும் நானும் ஒரே மேசையில் நின்று அறுபது சோள மடலில் மாவு தடவினோம். "உப்பு." "இந்தா." "கயிறு." "இந்தா." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பத்துக்கு வெந்திருக்க வேண்டியது, பன்னிரண்டரைக்குத் திறந்தாலும் மாவு மடலைவிட்டு வரவில்லை. கூடத்தில் பத்துப் பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்!

பக்கத்து வீட்டுச் சொலேதாத் அம்மா எட்டிப் பார்த்தார். "கோபக்காரங்க அடுப்படியில நின்னா தமாலே எப்படி வேகும்? யாருக்குக் கோபமோ அவங்க பானை காதுல மடலைக் கட்டி, அது முன்னாடி ஆடணும். என் மாமியார் இதே மாதிரி ஆடித்தான் வேக வெச்சாங்க." நீங்கள் கைதட்டி, "ஆடுங்க, ஆடுங்க, பசி உயிர் போகுது!" என்று கத்தினீர்கள்.

"எனக்கு யார் மேலயும் கோபமில்ல" என்றாள் அம்மா.

"எனக்கும் இல்ல" என்றேன் நான்.

இரண்டு பேரும் ஒரே பானை முன்னால் நின்று பொய் சொன்னோம். எல்லாரும் நகர்ந்த பிறகு, "அம்மா, அந்தச் சுவரு..." என்று ஆரம்பித்தேன். "பானையில தண்ணி வத்திடுச்சா பாரு" என்றாள். பார்த்தேன். வற்றவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டேன்.

கட்டடக்காரரிடம் சொல்லிவிடுங்கள் மாமா, மஞ்சளே அடித்துக்கொள்ளட்டும். இனிமேல் அம்மா அந்தத் தெரு வழியாகவே கோயிலுக்குப் போகலாம்.

மரிசேலா


பில்சன்
9 பிப்ரவரி 2014

என் அவசரக்கார மருமகளுக்கு,

கட்டடக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். காரணம் கேள்.

உன் பேருந்து கிளம்பிய நேரம் இருக்கும். உன் அம்மா கூடத்துக்கு வந்து, "எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். அந்தக் குளிரில்! பத்துப் பேரும் தட்டோடு படியில் நின்றோம். அடுப்படிக் கதவு சாத்தப்பட்டது. வானொலி பாடியது. நான் பின்வாசல் வழியாக நுழைந்து சாவித் துளையில் கண்ணை வைத்தேன். அறிவு வளர்ச்சிக்காக.

பானையின் இரண்டு காதிலும் சோள மடலைக் கிழித்துக் கட்டியிருந்தாள். ஏப்ரனின் இரண்டு முனையையும் பாவாடை மாதிரி விரித்துப் பிடித்திருந்தாள். ஆடினாள், மரிசேலா. ஏழு பாட்டு! தரை அதிர்ந்து கீழ்வீட்டு விளக்கு விழுந்து நொறுங்கியது. ஆடிக்கொண்டே பானையைத் திட்டினாள்: "கோபந்தான்! ஆமா, எனக்குக் கோபந்தான்! இப்ப வேகறியா?"

வெந்தது. இருபதே நிமிஷத்தில், மடலை அவிழ்த்தால் மாவு பூப்போல நழுவியது. துக்கத்தில் பத்தொன்பது தின்றேன்.

வியாழக்கிழமை சலூனுக்கு வந்து, "டேய், கடையைச் சாத்து. சுவர் வரைக்கும் என்கூட வா" என்றாள். பாதிச் சவரம் முடிந்த ஒரு முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். சுவருக்கு எதிரில் வெகுநேரம் நின்றாள். நான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அப்படிச் சில நிமிஷங்கள் வருவதுண்டு. திரும்பி வரும்போது, "அவளுக்கு எழுதறப்ப தாளை என்கிட்டயும் குடு" என்றாள்.

இதோ, சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

மாமா

மரிசேலா,

இவன் எழுதினதுல பாதி புளுகு. ஏழு பாட்டு இல்ல, ஒரு பாட்டு. அதுலயும் பாதியிலயே மூச்சு வாங்கிடுச்சு. விளக்கு எதுவும் விழல. பத்தொன்பது தின்னது உண்மை.

சுவரைப் பாத்தேன். நீ நெனைக்கிற மாதிரி, தூங்கறவளா வரைஞ்சதுக்குக் கோபம் இல்லடி. எனக்குச் சொல்ல வரல. வண்டிப் பக்கத்துல நான் தூங்கின அன்னைக்கு உனக்குப் பதினோரு வயசு. "நீ கண்ணை மூடும்மா, நான் வித்துக்கறேன்"னு என் ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கிட்ட. தரையைக் கூட்டுச்சு அது. நீ நின்னதாலதான் நான் தூங்கினேன். சுவர்ல பாத்தா நாதியத்தவ மாதிரி நடுத்தெருவுல தனியாத் தூங்கறேன். நான் தனியா இருந்தேன்னு ஊருக்கே சொல்லிட்டியே, நீ எங்கடி போனன்னுதான் இருந்துச்சு.

ஏப்ரல்ல வா. என்னைத் தூங்க வெச்சே வரை. வண்டி மறைக்காம, பக்கத்துல உன்னை வரை. அன்னைக்கு நீ தலை வாரிக்கல. அப்படியே வரை.

அம்மா