வேர்முடிச்சின் எடை

1978 செப்டம்பர் 17, ஞாயிறு

அவிநாசியில் எங்கள் மானாவாரிக் காட்டில் தட்டைப்பயறு பூத்துவிட்டது. ஆய்வுக்காக அறுபது செடி பிடுங்கி வேரைக் கழுவினோம். வேர்முடிச்சுகளைக் கிள்ளிச் சேர்க்க என் வீட்டுக்காரருக்கும் சொல்லிக்கொடுத்தேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு நாள் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர், ஏழாம் நாளும் எனக்காகக் குனிந்து உட்கார்ந்தார். ஒரு முடிச்சுகூட நசுங்கவில்லை.

"எதுக்கு புள்ள இது?"

காற்றிலுள்ள நைட்ரஜனில் இலேசானது, கனமானது என்று இரண்டு உண்டு; கனமானது ஆயிரத்தில் நான்குகூட இருக்காது; முடிச்சு காற்றிலிருந்து பிடித்துத்தான் செடிக்குக் கொடுக்கிறது; இலையிலும் முடிச்சிலும் கனமானது எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"ரெண்டுலயும் ஒண்ணாத்தான இருக்கோணும்?"

நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 25

தூளாக்கிப் பம்பாய் ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று.

நவம்பர் 22

முடிவு வந்தது. இலையில் காற்றின் அளவே. முடிச்சில் மட்டும் கனமானது கூடுதல். எல்லா மாதிரியிலும்!

பேராசிரியர் தாளைத் தள்ளிவைத்தார். "சாணம் பட்டிருக்கும்மா. அதுல கனம் ஜாஸ்தி. யாரு கிள்ளுனது?" சொன்னேன். "தூக்கிப் போட்டுருங்க."

ஜூனோடு ஆய்வுக்காலம் முடிகிறது. வீட்டுக்கு வந்ததும் இவரைக் கேட்டுவிட்டேன். "மாடு கறந்த கையோடயா உக்காந்தீங்க?"

"சோப்புப் போட்டுக் கழுவுனனே."

"கழுவுனீங்களாக்கும்! ஒரு வருச வேல போச்சு. எட்டாவது படிச்சவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?"

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லும்போதே அவர் முகம் — எழுந்து போனார்.

நவம்பர் 24

பேசுகிறார். சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா. அவ்வளவுதான்.

நவம்பர் 30

கழுவிய மணலைத் தொட்டிகளில் நிரப்பி, முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிரை விதையில் தடவி, கல்லூரியில் மறுபடி விதைத்தேன். சாணம் இல்லை, மண் இல்லை. மணல் மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டது அவர்தான். எதற்கென்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

1979 ஜனவரி 21

இந்த முறை நானே கிள்ளினேன், கையுறை போட்டு. பதினேழு முடிச்சு நசுங்கிப்போயிற்று. கண்ணீர் வந்தது. முடிச்சுக்காக அல்ல.

மார்ச் 14

அதே முடிவு. முடிச்சில்தான் கனம். அழுக்கு இல்லை, செடியே அப்படி.

பேராசிரியர் இரண்டு தாளையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "பழசையும் சேத்துக்கோங்கம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவர் அவசரப்பட்டது இருக்கட்டும். நான்?

நேரே திருப்பூர் பஸ் ஏறினேன். ஷிப்ட் விடும்போது கம்பெனி வாசலில் என்னைக் கண்டு பதறிவிட்டார். "ஊட்ல ஏதாச்சும் ஆயிருச்சா?"

"இல்லீங்க மாமா. உங்க கை சுத்தமாத்தானுங்க இருந்துது."

"அது எனக்கு அப்பவே தெரியுமே."

"அன்னைக்கு நான் பேசுனது —" சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடி நின்றார்.

"பேசுனது வலிச்சுதுதான் புள்ள. இல்லைங்கல. எனக்குப் புரியாதுன்னியே, இப்பச் சொல்லு. புரியற வரைக்கும் கேக்கறேன்."

அங்கேயே நின்று சொன்னேன். பஸ் போய்விட்டது. மூன்று தடவை திருப்பிக் கேட்டார்.

"அப்ப முடிச்சு, இலேசானத மேல அனுப்பிப்போட்டு, கனத்தத் தங்கிட்ட வெச்சுக்குதா?"

பேராசிரியரிடம் இதைச் சொல்லத்தான் காலையில் நான் வார்த்தை தேடித் திணறினேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

உளுந்திலும் இப்படித்தானா என்று பார்க்கப் புதிதாகப் பத்துத் தொட்டி. இவரும் கல்லூரிக்கு வந்தார். குறிப்பேட்டில் 'மாதிரி எடுப்பவர்' கட்டத்தில் கிட்டுசாமி என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்தார். "இனிஷியல உட்டுட்டியே புள்ள."

சேர்த்தேன்.