கழுத்தளவு வெந்நீர்

மச்சான்,

நேற்று புரோசார்ட்டில் ஒரு குளியலறைச் சாமான் கடைக்குப் போயிருந்தோம். எங்கள் பழைய குளியல் தொட்டி வெடித்து ஒழுகத் தொடங்கிவிட்டது. விற்பனைக்கு நின்றவன் எங்களை ஒரு மரத்தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். ஜப்பானிய முறைத் தொட்டியாம். நீளம் குறைவு, ஆழம் அதிகம். உள்ளே இருந்தால் கழுத்துவரை வெந்நீர் நிற்கும். தசை இளகும், நித்திரை வரும், மனம் இலேசாகும் என்று பிரெஞ்சில் அடுக்கிக்கொண்டே போனான். மூடியைத் தூக்கியதும் அந்த மர வாசனை முகத்தில் அடித்தது. நான் வெளியே வந்து காருக்குள் இருந்துவிட்டேன். மனைவி இன்னொரு நாள் வருகிறோம் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தாள். அவளுக்கும் உன்னைத் தெரியுமே.

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு நிலவறையில் நீ இருந்த நாட்களில், குழாய்ச் சத்தம் கேட்டாலே உன் முகம் மாறும். ஈரத்துணியால்தான் உடம்பைத் துடைப்பாய். மன்னார்க் கடலில் நீந்தித் திரிந்தவனுக்கு, மாதா கோயில் வாசலில் மந்திரித்த தண்ணீரில் விரல் வைக்கவே மூச்சு முட்டியது. உன்னைப் பிடித்து வைத்திருந்த இராணுவ முகாமில் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் உன் தலையை அமிழ்த்திப் பிடித்திருந்தார்கள். அதை நீ எனக்கு ஒரேயொரு முறைதான் சொன்னாய். நானும் திரும்பக் கேட்கவில்லை.

அப்போது நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு சின்னக் குளியலகத்தில் துப்புரவு வேலை செய்தேன். நடத்தியவர் ஒரு வயதான ஜப்பானிய அம்மா. திங்கட்கிழமை பூட்டு. அன்று காலையில் வேலைக்காரர் விரும்பினால் அங்கிருந்த மரத்தொட்டியில் இறங்கலாம். நிலவறையில் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயே என்றுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்.

“நான் வெளியிலையே இருக்கிறன். நீ வேலையைப் பார், மச்சான்” என்றாய்.

அந்த அம்மா உன்னை வற்புறுத்தவில்லை. குட்டி முக்காலி ஒன்றைச் சுவரோரமாகப் போட்டுவிட்டுப் போனார். அடுத்தடுத்த கிழமைகளில் அந்த முக்காலி தொட்டிப் பக்கமாக நகர்ந்தது. ஒருநாள் கால் இரண்டையும் உள்ளே விட்டிருந்தாய். பனிக்காலம் முடிவதற்குள், அவர்களுடைய வழக்கப்படி வெளியே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, விளிம்பைப் பிடித்தபடி மெல்ல மெல்ல இறங்கிக் கழுத்துவரை இருந்துவிட்டாய். கண்களை மூடவில்லை. தலையில் ஒரு துளிகூடப் பட விடவில்லை. ஆனால் உன் தோள்கள் கீழே இறங்கியதை நான் அன்றுதான் கண்டேன்.

“இந்தத் தண்ணி ஆளை அமத்தேல்லை மச்சான். தூக்குது” என்றாய்.

வீடு திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். இறங்குமிடம் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

பிறகு உன் அகதி விசாரணை வந்தது. நீ தப்பி வந்தது சண்டைக் காலத்தில். விசாரணைக்குக் கூப்பிட்டபோதோ, அங்கே சமாதானம் என்றார்கள். உன் சம்மதத்தோடு நான் பின்வரிசையில் இருந்தேன். பீப்பாவைப் பற்றிச் சொன்னாய், நடுக்கத்தைப் பற்றிச் சொன்னாய். அதிகாரி கடைசியில், வெகு சாதாரணமாக, இப்போது நித்திரை எப்படி என்று கேட்டார்.

“முந்தியைவிடப் பரவாயில்லை. கிழமையிலை ஒருக்கா சுடுதண்ணித் தொட்டியிலை இருக்கிறனான். கழுத்துமட்டும்.”

உன் குரலில் பெருமை இருந்தது. உன்னுடைய வழக்கறிஞரின் பேனா அப்படியே நின்றது.

“தண்ணீரைக் கண்டால் நடுங்கும் என்றீர்கள். இப்போது கழுத்தளவு தண்ணீரில் இருந்து இளைப்பாறுவதாகச் சொல்கிறீர்களா?”

“ஓம்” என்றாய்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது அவர்களுக்கு. முன்னுக்குப் பின் முரண், நம்பத்தக்கதல்ல என்று எழுதினார்கள். நடுங்கிக்கொண்டே இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள். நீ கொஞ்சம் சுகப்பட்டதுதான் பிழையாய்ப் போனது. மேல்முறையீடும் பலிக்கவில்லை. திருப்பி அனுப்பிய நாளில், விமான நிலையத்தில் நீ என்னைத் தேற்றினாய்: “பயப்பிடாதை. அங்கை இப்ப சண்டை இல்லைத்தானே.”

சண்டை திரும்பத் தொடங்க அதிக காலம் எடுக்கவில்லை. கொழும்பில் நீ தங்கியிருந்த விடுதிக்கு இலக்கத்தகடில்லாத வான் ஒன்று வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போனதாக உன் அம்மா தொலைபேசியில் சொன்னா. அதற்குமேல் எவருக்கும் எதுவும் தெரியாது. உனக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கவும் அவ விடவில்லை. “செத்தவைக்குத்தான் பூசை, தம்பி. என்ரை பிள்ளை வருவான்” என்கிறா. நானோ உன்னை இல்லாதவனாக நினைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவ அறிந்தால் என்னை மன்னிக்கமாட்டா.

நீ போனபிறகும் அந்த ஜப்பானிய அம்மா திங்கட்கிழமைகளில் தொட்டியை நிரப்பி வைத்தார். என்ன நடந்தது என்று விளங்கப்படுத்த என் பிரெஞ்சு போதவில்லை. ஆறிய நீரைத் திறந்துவிட்டுத் தொட்டியைத் துடைப்பேன். சில மாதங்களில் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

இப்போதும் எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக ஆட்கள் வருகிறார்கள். விசாரணைக்கு முன்னால் சிலர் என்னிடமும் வந்து கேட்பார்கள்: “அண்ணை, என்னத்தைச் சொல்லுறது?” உண்மையைச் சொல்லுங்கோ என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பார். நானும் அதைத்தான் சொல்கிறேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, உன்னால் நான் கற்றதையும் சொல்லி அனுப்புகிறேன்:

“பட்டதெல்லாத்தையும் சொல்லுங்கோ. இஞ்சை வந்து ஒருநாள் நிம்மதியா இருந்ததை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”