அப்பா கேட்ட மக்கபேயர் வாசகம்

மல்கிரேவ், மெல்பர்ன்
14-6-1987

அன்பு மகள் செல்வராணிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், உன் தம்பி பிலவேந்திரன் சுகம். பப்புவா நியூ கினி மலையில் நீயும் உன் மிஷன் ஆஸ்பத்திரியும் சுகமாக இருக்க மாதா துணை. அப்பாவைப் பற்றி மட்டும் அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. இதயக் குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றன, வியாழக்கிழமை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய மனுஷரோ பேனாவைத் தொட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். காரணம் உன் தம்பிதான். நம் கோயிலை விட்டு அவன் இப்போது போகிற சபையைப் பற்றி உனக்குத் தெரியுமே. நான் செத்துப்போனால் எனக்குப் பூசை வைத்து வேண்டிக்கொள்வாயா என்று அப்பா கேட்டிருக்கிறார். செத்தவங்களுக்குச் செபம் பண்றது வேதத்துலயே இல்லப்பா, நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மக்கபேயர் ஆகமத்தைப் பாருடா, அதுல இருக்கு என்று அப்பா கத்த, இவன் தன் பைபிளைப் புரட்டிக் காட்டி, அப்படி ஒரு புத்தகமே கிடையாது என்கிறான். அவன் சபையின் பைபிளில் அதைச் சேர்ப்பதில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை ராணி! ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு வார்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று நம் வீட்டு வேதாகமத்தைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தேன். வேதமாக நினைக்க வேண்டாம், அந்தக் காலத்து யூதர்களின் சரித்திரம் என்று நினைத்துப் படி, அப்பாவுக்குக் கண்ணாடி இல்லை என்றேன். முறைத்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். போர் முடிந்து, யூதா என்கிற தலைவனும் அவன் ஆட்களும் தங்கள் பக்கத்துப் பிணங்களை அடக்கம் செய்ய எடுக்கிறார்கள். பார்த்தால் செத்தவர்களின் சட்டைக்குள் எல்லாம் அந்நிய தெய்வத்தின் தாயத்து, அவர்கள் சட்டம் தொடக்கூடாது என்று விலக்கியது; அதனால்தான் மாண்டார்கள் என்று இருக்கிறது. அந்த இடம் வந்ததும் அப்பா மெல்லத் தன் சட்டைப் பித்தானைக் கழற்றினார். பனியனில் ஊக்கு குத்தி ஒரு தாயத்து! போன கிறிஸ்மஸுக்கு மலேசியாவில் கிள்ளான் போனபோது யாரிடமோ வாங்கினாராம். துவைக்கிற எனக்கே தெரியாமல் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருக்கிறார். நானும் இவங்கள்ல ஒருத்தன்டா, அதான் பயமா இருக்கு என்று சொல்லி அழுதார். எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பிலவேந்திரன் ஊக்கைக் கழற்றித் தாயத்தைக் கையில் எடுத்தான். பிறகு மிச்சத்தையும் படித்தான். யூதா அவர்களைச் சபிக்கவில்லை, அந்தப் பாவம் நீங்க எல்லோருமாக மன்றாடினார்கள் என்பது வரைக்கும் படித்தான். சத்தியம் மட்டும் பண்ணவில்லை. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, பூசைக்கு நான்தானே கூட்டிட்டுப் போகணும், வெளிய நிக்க மாட்டேன்ப்பா, உள்ள வந்து உக்காருவேன் என்றான். அப்பா பேனாவைக் கேட்டார். தாயத்தை அவன் எறியவும் இல்லை. நீங்க எழுந்து வந்து நீங்களே எறியுங்க என்று தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சபையில் தெரிந்தால் என்ன ஆகுமோ.

நீ அங்கே மழையில் ஈரத் துணியோடு திரியாதே, வேளைக்குச் சாப்பிடு. காவல் சம்மனசுகள் உன் கூடவே இருக்கட்டும். உங்கள் மலைக்குப் போன் கிடையாது, தபால் விமானம் வந்து சேர்வதற்குள் வியாழக்கிழமை போயிருக்கும். இதைப் படித்த உடனே முழந்தாளிட்டுச் செபம் சொல்லு. அப்பா இருக்கிறாரா இல்லையா என்று அப்போது உனக்குத் தெரியாது, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி சொல்லு மகளே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஞானம்மாள்